செக்ரோலில் பெயர் இல்லாத நாள்

"அது உன் கம்பெனிதானே பாப்பா? உன் கம்பெனியில இருந்து உன்னையே எப்படி நிப்பாட்டுவாங்க?"

கோத்தகிரி மார்க்கெட்டில் கேரட் நிறுத்துக்கொண்டிருந்த இடத்தில் வைத்து இதைக் கேட்டவர், அம்மாவோடு முப்பது வருஷம் தேயிலைத் தோட்டத்தில் ஒரே மஸ்டரில், அதாவது காலையில் பேர் கூப்பிடும் வரிசையில், நின்ற அத்தை ஒருவர். வம்புக்குக் கேட்கவில்லை. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. நான் தொடங்கிய கம்பெனியே என்னை வேலையை விட்டு எடுத்ததிலிருந்து, எட்டு மாதமாக இந்தக் கேள்வி வேறு வேறு வாயிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. வங்கியில் கேட்டார்கள், கல்யாண வீட்டில் கேட்டார்கள், மேட்டுப்பாளையம் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர் கேட்டார். "கம்பெனி பெருசானா அப்படித்தான் அத்தை" என்று சொல்லி வைத்தேன். அவரும் தலையாட்டிவிட்டுக் கேரட்டோடு போய்விட்டார். எனக்குத்தான் அந்தப் பதில் தொண்டையிலேயே நின்றது. அத்தை கேட்டதற்குச் சரியான பதில் என்ன என்று எழுதிப் பார்த்தாலாவது தெரிகிறதா பார்க்கிறேன்.

2013-ல் கோயம்புத்தூர் சரவணம்பட்டியில், ஒரு மொபைல் கடைக்கு மேலே இருந்த அறையில், நானும் கல்லூரி நண்பன் ஒருவனும் சேர்ந்து தொடங்கினோம். நாங்கள் செய்தது இலைக் கணக்கு. நீலகிரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காக இரண்டு வரி. இங்கே அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகள் பறிக்கும் பசுந்தேயிலையைத் தொழிற்சாலைகள் வாங்கி அரைக்கின்றன. சாயங்காலம் லாரி வரும், மூட்டையைக் கொக்கித் தராசில் மாட்டுவார்கள், ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழித்து ஒரு சீட்டில் பென்சிலால் எழுதித் தருவார்கள். குன்னூர் ஏலத்தில் தூள் போன விலையை வைத்துத் தேயிலை வாரியம் மாதாமாதம் பசுந்தேயிலைக்கு ஒரு விலை சொல்லும். அந்த விலையில் உரக் கடன், முன்பணம் எல்லாம் பிடித்தது போக மிச்சம் கைக்கு வரும். நடுவில் எந்த இடத்தில் எவ்வளவு கழிந்தது என்று விவசாயிக்குத் தெரியவே தெரியாது. நாங்கள் தராசைப் போனோடு இணைத்து, அங்கேயே தமிழில் சீட்டு அச்சாகிற மாதிரி செய்தோம். ஈரக் கழிவு தனி வரியாக வரும். அந்த ஒரு வரிக்காகச் சில தொழிற்சாலைகள் எங்களை வாசலோடு திருப்பி அனுப்பின. சில தொழிற்சாலைகள் அந்த வரிக்காகவே எங்களைக் கூப்பிட்டன. அப்புறம் பால் சங்கங்கள் வந்தன, ஆள் சேர்ந்தார்கள், அறை மாறியது, மாடி மாறியது.

அத்தைக்குச் சொல்ல வேண்டிய பதிலின் முதல் பாதி கணக்குதான். தொடங்கியபோது எனக்கு நூற்றுக்கு 50 பங்கு, நண்பனுக்கு 50. முதல் முதலீடு வந்தபோது என்னுடையது 35 ஆனது. இரண்டாவதில் 24. நண்பன் தன் பங்கை விற்றுவிட்டு வெளிநாடு போனான். 2021-ல் மூன்றாவது முதலீடு வந்தபோது எனக்கு 11. பங்கு குறைந்தாலும் அதன் மதிப்பு ஏறியது, அதனால் ஒவ்வொரு முறையும் சந்தோஷமாகத்தான் கையெழுத்துப் போட்டேன். அந்த மூன்றாவது சுற்றில்தான் புதிதாக ஒரு தலைமை அதிகாரி வந்தார். நான் இயக்குநர் பதவியை விட்டு, தயாரிப்புப் பிரிவுக்குத் தலைவராக மாறினேன். பதவி விலகல் படிவத்தைப் பதிவேற்றிய அன்று ஆடிட்டர் சொன்னார்: "இயக்குநர் எண் ஒருத்தருக்கு ஒரு தடவை குடுத்தா ஆயுசுக்கும் அதான் மேடம். அது எங்கயும் போகாது." அதைக் கேட்டு எனக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது.

அன்றைக்கு என்னிடம் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று பங்குதாரர் ஒப்பந்தம். இன்னொன்று வேலை ஒப்பந்தம், மற்ற ஊழியர்கள் போடுகிற அதே காகிதம், அதே மூன்று மாத நோட்டீஸ். முதல் காகிதத்தைப் பத்து முறை வாசித்தேன், வக்கீலிடம் காட்டினேன். இரண்டாவதை நானே ஊழியர்களுக்காகத் தயாரித்தது என்பதால் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டேன். தொடங்கியவள் என்பதற்கு இரண்டு காகிதத்திலும் இடம் இல்லை. ஒன்றில் நான் பங்கு வைத்திருப்பவள், இன்னொன்றில் சம்பளம் வாங்குபவள். இதை எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். தெரியும். ஆனால் தெரிந்ததை நம்பவில்லை.

ஒன்பது நிமிடம்

2024 ஜூன், செவ்வாய்க்கிழமை காலை 10 மணி. முந்தின நாள் இரவு ஒரு அழைப்பு வந்திருந்தது, தலைப்பு இல்லாமல், 15 நிமிடத்துக்கு. இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நான் புரிந்துகொள்ளவில்லை. என் குழுவில் யாரையோ வேலையை விட்டு எடுக்கப்போகிறார்கள், அதை என்னிடம் சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். யாருக்காக வாதாடலாம் என்று ஒரு தாளில் நான்கு பெயர்களைக்கூட எழுதி வைத்திருந்தேன்.

திரையில் எச்ஆர் பெண் மட்டும் இருந்தார். 2017-ல் நான்தான் அவரை வேலைக்கு எடுத்தேன். எப்போதும் "அக்கா" என்பவர் அன்றைக்கு "மேடம்" என்றார். பிறகு கண்களைத் திரையின் ஓரத்துக்குக் கொண்டுபோய், வாசிக்க ஆரம்பித்தார். நிறுவனத்தின் செலவுகளைச் சீரமைக்க வேண்டியிருப்பதால் உங்கள் பொறுப்பு இனி இருக்காது. இது உங்கள் உழைப்பையோ திறமையையோ குறித்த மதிப்பீடு அல்ல. உங்கள் பங்களிப்பை நிறுவனம் நன்றியோடு நினைவில் வைத்திருக்கும்.

இரண்டாவது வாக்கியத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அது என் வாக்கியம். 2020 மே மாதம், ஊரடங்கில் தொழிற்சாலைகள் நின்று, வரவேண்டிய பணம் எதுவும் வராமல், இன்னும் மூன்று மாதச் சம்பளத்துக்குத்தான் காசு இருக்கிறது என்றானபோது 11 பேரை அனுப்பினோம். அதற்கு முந்தின இரவு முழுக்க உட்கார்ந்து எழுதிய வாக்கியங்கள் அவை. யாரும் மனம் உடைந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு சொல்லையும் மாற்றி மாற்றி வைத்தேன். "மதிப்பீடு அல்ல" என்பதை முதலில் "தீர்ப்பு அல்ல" என்று எழுதியிருந்தேன், கடுமையாக இருக்கிறதே என்று மாற்றியதுகூட நினைவிருக்கிறது. நல்லவிதமாகச் செய்தோம் என்று நாலு வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். அந்தக் கோப்பு எச்ஆர் பிரிவில் அப்படியே இருந்திருக்கிறது. தேதியை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

கேட்கிற பக்கம் உட்கார்ந்தால்தான் அந்த வாக்கியங்கள் என்ன செய்கின்றன என்று தெரிகிறது. பதில் சொல்ல இடமே விடாதபடி அவை எழுதப்பட்டிருந்தன. உங்கள் திறமையைப் பற்றி அல்ல என்று முதலிலேயே சொல்லிவிட்டால், அப்புறம் என்ன கேட்பது? எதைப் பற்றி என்றா? அந்தப் பெண்ணுக்கு வாசிக்கும்போது குரல் உடைந்தது. "பரவாயில்ல, முழுசா வாசிச்சிடு" என்றேன். அவள் வேலையும் போய்விடக் கூடாதே. ஒன்பது நிமிடத்தில் முடிந்தது. பத்தேகாலுக்கு மின்னஞ்சல் பூட்டிக்கொண்டது. தாளில் எழுதிய நான்கு பெயர்களும் மேஜையிலேயே கிடந்தன. அதில் மூன்று பேருக்கு அன்று மதியத்துக்குள் அதே அழைப்பு போனது.

வந்த ஆறுதல்கள்

அதற்குப் பிறகு இரண்டு வாரம் நண்பர்கள் சொன்னதெல்லாம் ஒரே மாதிரியான பெயர்கள்தான். ஸ்டீவ் ஜாப்ஸையே அவர் தொடங்கிய ஆப்பிளில் இருந்து 1985-ல் வெளியேற வைத்தார்களே, 1997-ல் திரும்பி வரவில்லையா என்றார்கள். ஓபன்ஏஐ நிறுவனத்தின் சாம் ஆல்ட்மனை 2023 நவம்பரில் நீக்கி, ஐந்தே நாளில் திரும்ப எடுக்கவில்லையா என்றார்கள். ஒரு நண்பர், நோம் வாசர்மேன் என்ற ஹார்வர்டு பேராசிரியர் 212 அமெரிக்கத் தொடக்க நிறுவனங்களை ஆராய்ந்து 2008-ல் எழுதியதை அனுப்பினார். கம்பெனிக்கு மூன்று வயது ஆகும்போதே பாதி நிறுவனர்கள் தலைமைப் பதவியில் இல்லை என்று அதில் இருந்தது. அவர்கள் எல்லோரும் அன்போடுதான் அனுப்பினார்கள், அதற்கு என்றைக்கும் நன்றி உண்டு. ஆனால் ஒவ்வொன்றும் என்னை ஒரு கதாநாயகியாக ஆக்கப் பார்த்தது. எனக்கு நடந்தது அந்த மாதிரி நாடகம் இல்லை. நிர்வாகக் குழுவில் எனக்கு எதிராக யாரும் சதி செய்யவில்லை. வாக்கெடுப்பு இல்லை. செலவைக் குறைக்க வேண்டும், சம்பளம் அதிகமுள்ள வரிசைகளைப் பார், எந்த வேலை இல்லாமல் சமாளிக்கலாம் என்று பார். அப்படிப் பார்த்ததில் ஒரு வரிசையில் என் பெயர் இருந்தது. உண்மையைச் சொன்னால், அந்தக் கணக்கை நான் போட்டிருந்தாலும் அந்த வரிசை வந்திருக்கும். மனம் அடங்காததற்குக் காரணமே இதுதான். தப்பு என்று கை நீட்ட ஆள் இல்லை.

அம்மாவிடம் இரண்டு நாள் சொல்லவில்லை. மூன்றாம் நாள் மலை ஏறி வந்து, அடுப்படியில் உட்கார்ந்து சொன்னேன். "லே-ஆஃப் பண்ணிட்டாங்கம்மா."

அம்மா பதறவில்லை. "அரைச் சம்பளம் குடுப்பாங்கல்ல? எப்பத் திரும்பக் கூப்பிடுவாங்களாம்?" என்று கேட்டார்.

தோட்டத்தில் லே-ஆஃப் என்றால் அதுதான். வேலை கொடுக்க முடியாத நாட்களுக்குப் பாதிச் சம்பளம், வேலை வந்ததும் திரும்ப மஸ்டருக்குப் போகலாம். அப்போது இருந்த 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்திலும் அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள், வேலையை விட்டு நிரந்தரமாக எடுப்பதற்கு அதில் ஆட்குறைப்பு என்று வேறு சொல் இருந்தது. எங்கள் துறை அந்த மிருதுவான சொல்லை எடுத்து இந்தக் காரியத்துக்கு வைத்துக்கொண்டது. "திரும்பக் கூப்பிட மாட்டாங்கம்மா" என்றேன். "அப்போ செக்ரோல்ல பேரையே எடுத்துட்டாங்க" என்றார். செக்ரோல் என்றால் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களின் பெயர்ப் பதிவேடு. ஆமாம். எட்டு மாதத்தில் எனக்கு நடந்ததைச் சரியாகச் சொன்ன ஒரே வாக்கியம் அது.

600 நாளும் 165 நாளும்

அம்மா பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கம். இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களில் ஒன்று எங்களுடையது. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் இந்த மலைக்கு வந்து சேர்ந்தபோது அம்மாவுக்கு 13 வயது. 1978-ல் தோட்டத்தில் பேர் பதிந்தார்கள். அவர் சேர்ந்த புதிதில் அங்கே செடியே இல்லை. சீகையையும் முள்ளையும் வெட்டி எரித்து, குழி எடுத்து, நாற்றுப் பையைத் தலையில் சுமந்து ஏற்றி நட்டார்கள். 7-ஆம் நம்பர் காடு முழுக்கத் தான் நட்டது என்று அம்மா சொல்வார். யுபாசி-9 என்று அந்த ரகத்தின் பெயரையும் சொல்வார், எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் பெயரைச் சொல்வது போல.

என் செட்டில்மென்ட் தாள் வந்தபோது பிஎஃப் விவரத்துக்காகப் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அதில் அம்மாவின் கிராஜுவிட்டித் தாள், பணிக்கொடைக் கணக்கு, இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே கணக்கு. வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம். 1972-ஆம் ஆண்டுச் சட்டம், தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் என்று பெயர் சொல்லி எழுதிய சட்டம், மென்பொருள் கம்பெனிக்கும் அன்றைக்கு அதுவேதான். அம்மாவுக்கு 40 வருஷம், 600 நாள். எனக்கு 11 வருஷம், 165 நாள். என் ஒரு நாள் அம்மாவின் 20 நாளுக்குச் சமமாக இருந்தது. அதை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பதினொரு வருஷமாக நான் ஏதோ வேறு ஜாதிக் காகிதத்தில் எழுதப்பட்டவள் என்று நினைத்திருந்தேன். இல்லை, அம்மாவின் தாளேதான்.

அம்மா 58 வயதில், 2018 மார்ச்சில் ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றால், தோட்டம் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும், சாவியை ஒப்படைத்த சீட்டைக் காட்டினால்தான் பணம். எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விதி. நான் கோத்தகிரியில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்து, முன்பணம் கட்டி, சாமான் ஏற்றப் பிக்கப் வண்டிக்கும் சொல்லி வைத்திருந்தேன். அன்றைக்கு எனக்குப் பெங்களூரில் முதலீட்டாளர்களோடு சந்திப்பு, என் பங்கை 24 ஆக்கிய அந்தச் சுற்று. வரவில்லை. வண்டி சரியான நேரத்துக்கு வந்ததா என்று மட்டும் போனில் கேட்டேன். எல்லாம் முறையாக நடந்தது, அம்மாவுக்கு நல்ல வீடு கிடைத்தது என்ற திருப்தியோடு அந்த நாளை நான் மறந்தே போனேன்.

அந்தத் தாள்களைப் பார்த்த ராத்திரிதான் முதல்முறையாக அம்மாவிடம் கேட்டேன். சாவி குடுத்த அன்னைக்கு என்னம்மா பண்ணுன?

"வீட்டைக் கழுவி விட்டேன். யாரு குடி வந்தாலும் சுத்தமா இருக்கணும்ல. பின்னாடி மேரக்காய்க் கொடி காய்ச்சுக் கெடந்துச்சு. ஏழெட்டுக் காய் பறிச்சேன், மிச்சத்த விட்டுட்டேன். ஆபீஸ்ல சாவியக் குடுத்தா அந்தப் பையன் சீட்டு எழுதுறப்ப, பேரு என்னன்னு கேட்டான்."

அம்மா அதை அழுத்திச் சொல்லவில்லை. 40 வருஷம் கழித்துப் பேர் என்ன என்று கேட்டது அந்தப் பையனின் குற்றமும் இல்லை, அவன் புதிதாக வந்தவன். 7-ஆம் நம்பர் காட்டுக்கு அன்றைக்குப் போனாயா என்று கேட்டேன். போகிற வழிதானே, நின்று பார்த்தேன் என்றார். "உனக்குக் கோபம் வரலியாம்மா?"

"வந்துச்சு. யார்கிட்ட சொல்ல? ஒனக்குப் போன் பண்ணுனேன், மீட்டிங்ல இருக்கேன் அப்புறம் பேசுறேன்னே."

நான் அப்புறம் பேசவில்லை. ஆறு வருஷம் கழித்து, எனக்கே அது நடந்த பிறகு பேசுகிறேன். அம்மா இதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை, கேட்டதற்குச் சொன்னார், அவ்வளவுதான். எழுந்து போய் அடுப்பில் இருந்த பாலை இறக்கினார். ஆனால் இத்தனை நாள் நெஞ்சில் வைத்திருந்த "நான் தொடங்கியதாயிற்றே" என்ற சொல்லை அதற்குப் பிறகு என்னால் பழைய மாதிரி பிடித்துக்கொள்ள முடியவில்லை. நான் தொடங்கினேன் என்பது உண்மை. அதை விட்டு வந்தது வலிக்கிறது என்பதும் உண்மை. இப்போதும் கோத்தகிரியில் இலை எடுக்கும் இடத்தைத் தாண்டிப் போகும்போது, தராசு மேலிருந்து சீட்டு வெளியே வரும் சத்தம் கேட்டால் கால் நின்றுவிடுகிறது. சீட்டின் அடியில் "எடையைச் சரிபார்த்து வாங்கவும்" என்று இருக்கும், நான் எழுதிய வரி. ஆனால் கை வைத்து உண்டாக்கினவர்களுக்கு அந்த இடத்தில் ஒரு உரிமை உண்டு என்று நான் நம்புவதானால், அந்த நம்பிக்கை எனக்கு மட்டும் எப்படிப் பொருந்தும்? 7-ஆம் நம்பர் காட்டுக்குப் பொருந்தாதா? நான் அனுப்பிய 11 பேருக்கு?

அந்தப் பதினோரு பேரும் சும்மா சம்பளத்துக்கு வந்து போனவர்கள் இல்லை. மழையில் நனைந்துகொண்டு தராசு மாட்டியவர்கள் இருந்தார்கள். ஈரக் கழிவைத் தனி வரியாகப் போடலாம் என்ற யோசனையே என்னுடையது இல்லை, அவர்களில் ஒருவருடையது. முதலீட்டாளர்களிடம் அதைச் சொல்லும்போது "நாங்கள்" என்று சொன்னேன். அந்த "நாங்கள்" எனக்கு வசதியாக இருந்தது.

போன வாரம் பழைய போனில் இருந்து எண்களை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தேன். என்ன சொல்லப்போகிறேன் என்று எழுதி வைத்துக்கொள்ளவில்லை, எழுதியதால் வந்த வினைதான் தெரியுமே. மூன்று எண்கள் உபயோகத்தில் இல்லை. இருவர் மரியாதையாகப் பேசினார்கள், நலம் விசாரித்தார்கள். ஒருவர், "இதப் பத்திப் பேச வேணாம் மேடம்" என்று சொல்லிவிட்டார். அது அவர் உரிமை.

ஏழாவதாக எடுத்தவன், மலையில் எங்கள் மெஷின்களைப் போட்டுத் திரிந்த பையன். இப்போது சொந்தமாகப் பிக்கப் வைத்து இலை ஓட்டுகிறான். என் செய்தி அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. "மஞ்சூர் பக்கம் நான் போட்ட தராசு இன்னும் ஓடுதுக்கா, நேத்துகூட அதுலதான் எடை போட்டேன்" என்றான். நான் போட்ட என்று அவன் சொன்னது காதில் அப்படியே நின்றது. அன்றைக்கு உன்னிடம் வாசித்தேன், பேசவில்லை, அது தப்பு என்றேன். கொஞ்ச நேரம் அவன் எதுவும் சொல்லவில்லை. பின்னால் யாரோ மூட்டையைத் தூக்கிப் போடும் சத்தம் கேட்டது.

"ஒங்களுக்கு எத்தன மாசச் சம்பளம் குடுத்தாங்கக்கா?"

"மூணு மாசம்."

"எனக்கு ஒண்ணு குடுத்தீங்க."

ஆமாம், ஒன்று. அந்தத் தாளில் ஒன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்தான். அதைச் சொன்னேன். "தெரியும்க்கா, பாத்தேன்" என்றான். பிறகு, இருட்டுவதற்குள் லோடு இறக்க வேண்டும், இன்னொரு நாள் பேசலாம் என்று வைத்தான். இன்னும் நான்கு எண்கள் இருக்கின்றன.